மூன்றாம் ஓலை

பழைய ஏற்பாட்டில் ஒரு கதை இருக்கிறது. எரிக்கோ நகரத்து மதில் விழுந்த பிறகு, உள்ளேயிருந்து ஒரு துரும்பைக்கூட யாரும் எடுக்கக் கூடாது என்று ஆண்டவர் கட்டளை. ஒருவன் மட்டும் ஓர் அழகான சால்வையையும் கொஞ்சம் வெள்ளியையும் பொன்னையும் எடுத்துக்கொண்டு போய்த் தன் கூடாரத்துக்குள் குழி தோண்டிப் புதைத்துவிட்டான். அவ்வளவுதான். அடுத்த சண்டையில் சனம் முழுக்கத் தோற்று ஓடியது. எடுத்தவன் ஒருத்தன், செத்தவர்கள் வேறு ஆட்கள். பிறகு கோத்திரம், வம்சம், குடும்பம் என்று சீட்டுப் போட்டுச் சலித்துச் சலித்து அவனைப் பிடித்தார்கள். கல்லால் எறிந்து கொன்றார்கள். அவனை மட்டும் இல்லை, அவன் மகன்கள், மகள்கள், மாடு, கழுதை, ஆடு எல்லாவற்றையும் சேர்த்து.

அந்த 'மகள்கள்' என்ற சொல்லைக் கோயிலில் வாசிக்கிறவர்கள் மூச்சு விடாமல் தாண்டிப் போய்விடுவார்கள். எனக்கு மட்டும் அது தொண்டையில் மீன் முள் மாதிரி நிற்கும். எத்தனை மகள்கள்? என்ன வயசு? அவர்களில் யாருக்காவது கலியாணம் பேசியிருந்தார்களா? இதையெல்லாம் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. எனக்குக் கலியாணம் பேசியிருந்தார்கள். அதனால் கேட்கிறேன்.

நான் எழுதப் போவதில் யார் பெயரும் இருக்காது. ஏன் என்பது படித்தால் தெரியும்.

எங்கள் ஊர் செஞ்சிக் கோட்டைக்குப் பின்புறம். மாதா கோயிலும் அதைச் சுற்றி மேலத்தெரு, கீழத்தெரு, குளத்துத்தெரு என்று மூன்றே தெருவும். எல்லாரும் கிறிஸ்தவர்கள், எல்லாருக்கும் ஏரிப் பாசனம். செஞ்சியிலிருந்து சாமியார் மாதத்துக்கு ஒரு ஞாயிறு சைக்கிளில் வந்து பூசை வைப்பார். மற்ற ஞாயிறுகளில் உள்ளூர் உபதேசியார் செபம் சொல்லுவார். கலியாண ஓலை இருந்தால் அதையும் அவரே வாசிப்பார். ஓலை என்றால், இன்ன ஊர் இன்னார் மகனுக்கும் இன்ன ஊர் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்று கோயிலில் மூன்று ஞாயிறு கூறுவது. மூன்றும் முடிந்தால்தான் தாலி.

நான் சொல்லும் காலம் அறுபத்தாறாம் வருஷத்து ஆரம்பம். பூசை அப்போதுதான் லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறியிருந்தது. அதுவரை சாமியார் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ முணுமுணுப்பார், நாங்கள் பாட்டுக்குச் செபமாலை உருட்டிக்கொண்டிருப்போம். இப்போது எங்கள் பக்கம் திரும்பி நின்று வேதத்தைத் தமிழில் படித்தார். "அட, இதெல்லாமா உள்ள இருந்துச்சு!" என்று ஊரே வாயைப் பிளந்தது. கேட்டதெல்லாம் நேற்று செஞ்சிக் கடைத்தெருவில் நடந்த விஷயம் போலவே எங்களுக்குப் பட்டது. வினை வந்ததே இதில்தான்.

அதற்கு முந்தின ஐப்பசி, கார்த்திகை இரண்டும் ஏமாற்றிவிட்டன. ஏரியில் பாதித் தண்ணீர்தான். நெல் சூல் கட்டும்போது ஒரு தண்ணீர், பால் பிடிக்கும்போது ஒரு தண்ணீர், இந்த இரண்டைக் கொடுத்துவிட்டால் ஊர் பிழைத்துக்கொள்ளும். அதனால் நாட்டாமை கோயில் முன்னால் கூட்டம் போட்டார். வீட்டுக்கு ஓர் ஆண்பிள்ளை வந்து சிலுவையில் அறைந்த பாடுபட்ட சுரூபத்தைத் தொட்டு, ஊர் சொல்லும் நாள் வரைக்கும் மதகைத் தொட மாட்டேன் என்று சத்தியம் செய்தார்கள். மீறினவன் தலையில் முள்முடி வைத்துக்கொண்டு முழங்காலாலேயே கோயிலைச் சுற்றி வந்து மாதா முன்னால் குற்றத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். அதுவரை அந்த வீட்டுக்கு ஊர்க்கட்டு. ஊர்க்கட்டு என்றால், அந்த வீட்டோடு யாரும் பேச மாட்டார்கள். ஊர்க் கிணற்றில் அவர்கள் வாளி இறங்காது. அடுப்புக்கு ஒரு துண்டு நெருப்புக் கிடைக்காது. பால், மோர் எதுவும் எந்த வீட்டிலிருந்தும் வராது. நல்லது கெட்டதுக்குக் கோயில் மணி அடிக்காது.

தை பிறந்து சில நாள்தான் ஆகியிருக்கும். விடிந்ததும் ஏரிப் பக்கம் போன பெண்கள் அலறிக்கொண்டு ஓடிவந்தார்கள். நானும் ஓடிப் போய்ப் பார்த்தேன். சேசுவே! ஏரி சேறாகக் கிடந்தது. தண்ணீர் வாய்க்காலை உடைத்துக்கொண்டு, வயல் வயலாக ஏறி இறங்கி, ஓடையில் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒருவன் நிலத்தில் மட்டும் பாய்ந்திருந்தால் அவன்தான் என்று பிடித்துவிடலாம். எல்லார் நிலமும் நனைந்து கிடந்தது. அதோடு இன்னொன்று. மதகு மூடியிருந்தது. அடைப்புக் கட்டை கல்லுக்குள் இறுக்கி அடித்திருந்தது.

"தொறந்தவனே மூடிட்டும் போயிருக்கான் பாரு, இன்னா நெஞ்சழுத்தம்!" என்று நாட்டாமை தலையில் அடித்துக்கொண்டார். மிச்சமிருந்த தண்ணீர் ஒரு தடவை பாய்ச்சக்கூடக் காணாது.

வீட்டுக்குத் திரும்பினேன். கொடியில் அப்பாவின் வேட்டி ஈரமாகத் தொங்கியது, இடுப்பு வரை சேற்றுக் கறை. அம்மா அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாங்க இது?"

"கரையில வழுக்கிட்டேன்," என்றார் நைனா.

அம்மா வேட்டியை உருவி உள்ளே கொண்டுபோய் உலர்த்தினாள். வெளியே காய்கிற வேட்டியை அவள் ஏன் உள்ளே கொண்டுபோனாள் என்று எனக்குப் புரிந்தது.

அந்த வாரம்தான் சாமியார் வருகிற ஞாயிறு. என் முதல் ஓலையும் அன்றைக்குத்தான். மாப்பிள்ளை அவலூர்பேட்டைப் பக்கம். பட்டாளத்துக்காரர், பாகிஸ்தான் சண்டை முடிந்து லீவில் வந்திருந்தார். விபூதிப் புதனுக்கு முன்னால் கலியாணம் முடிந்தாக வேண்டும். அதற்கப்புறம் தவசுகாலம், கலியாணம் கிடையாது. பாஸ்குத் திருநாள் வரைக்கும் காத்திருக்க அவருக்கு லீவும் கிடையாது. எங்கள் வீட்டில் அம்மா, நைனா, நான், அவ்வளவுதான். எனக்கு இதற்கு முன்னால் வந்த வரன்கள் நான் வாயாடி என்று கேள்விப்பட்டு ஓடிப் போனவை. இந்த மனுஷர் மட்டும், "பேசற பொண்ணா? நல்லதுதான், எங்கூட்டுல யாரும் பேசறதில்ல," என்று சொல்லி அனுப்பியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு அவரைத் தவிர வேறு நினைப்பு இல்லை.

சாமியாரிடம் ஏரிக் கதையைச் சொன்னார்கள். நல்ல மனுஷர்தான், அன்றைக்குக் கோபம் வந்துவிட்டது. திருடனுக்குப் பயம் வந்து தானாக ஒத்துக்கொள்ளட்டும் என்று நினைத்திருப்பார். எரிக்கோ கதையை எடுத்துப் படித்தார். ஒருவன் செய்த பாவம் ஊர் முழுவதையும் வீழ்த்தும் என்று பீடத்தைத் தட்டித் தட்டிப் பிரசங்கம் வைத்தார். பிறகு என் ஓலையை வாசித்தார். சைக்கிளை எடுத்துக்கொண்டு செஞ்சிக்குப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு உபதேசியார் செபம் முடித்து, என் இரண்டாம் ஓலையை வாசித்து, சிலுவை அடையாளம் போடும்போது நாட்டாமை எழுந்தார்.

"வேதத்துல எப்படிக் கண்டுபுடிச்சாங்களோ, அப்படியே நாமளும் கண்டுபுடிப்போம். சீட்டு போடுங்க."

திருவுளச் சீட்டு எங்களுக்குப் புதிதில்லை. திருநாளில் எந்தத் தெரு முதலில் சப்பரம் தூக்குவது என்றெல்லாம் மாதா முன்னால் சீட்டுப் போட்டுத்தான் முடிவு செய்வோம். ஒரு மனுஷன் குற்றவாளியா இல்லையா என்று அதுவரை யாரும் சீட்டுப் போட்டதில்லை. உபதேசியார் கொஞ்சம் தயங்கினார். ஆனால் வேதத்திலேயே இருக்கிறதே, என்ன சொல்லுவார்? காணிக்கைத் தட்டை எடுத்து மாதா சுரூபத்தின் முன் வைத்தார்.

சீட்டெடுக்கக் குழந்தைதான் வேண்டும், அதுதான் வழக்கம். மேலத்தெருவில் போன வருஷம் பெண்டாட்டியைப் பறிகொடுத்த ஒருவர் இருந்தார். எங்களுக்கு மாமா முறை. அவருடைய பெண் குழந்தைக்கு நடை வந்திருந்தது, பேச்சு வரவில்லை. எங்கே போனாலும் தோளிலேயே தூக்கிக்கொண்டு போவார். ஊரில் பால் மாடு இருக்கிற வீடுகள் முறை வைத்து ஆளுக்கு ஒரு டம்ளர் ஊற்றித்தான் அந்தக் குழந்தை வளர்ந்தது. எங்கள் வீட்டு முறை செவ்வாய்க்கிழமை. அதைத்தான் இறக்கிவிடச் சொன்னார்கள். அவர் இறக்கிவிட்டு, சுவரோரமாகப் போய் ஒட்டி நின்றுகொண்டார்.

முதலில் தெரு. குழந்தை எடுத்தது, கீழத்தெரு. எங்கள் தெரு. அடுத்து வகையறா. எங்கள் வகையறா. "நெருங்கி வர்றாரு ஆண்டவர்," என்றார் உபதேசியார். வகையறாவில் உள்ள வீட்டுத் தலைவர்களின் பெயர்களைச் சுருட்டித் தட்டில் போட்டார்கள். குழந்தை ஒன்றை எடுத்து வாயில் வைக்கப் போயிற்று. உபதேசியார் பிடுங்கிப் பிரித்தார். நைனா பெயர்.

அம்மா என் கையைப் பிடித்தாள், நகம் பதிந்தது. நான் நைனாவைப் பார்த்தேன். அவர் அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துச் சிரித்தார். குழந்தையும் பல்லைக் காட்டிச் சிரித்தது. இந்த மனுஷனுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உள்ளத சொல்லிடுண்ணே," என்றார் நாட்டாமை.

"நான் தொறக்கல."

"அப்ப யாரு?"

நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அன்றைக்கே எங்கள் வீட்டுக்கு ஊர்க்கட்டு விழுந்தது.

கிணற்றடியில் என் கூட வளர்ந்தவள் என்னைக் கண்டதும் வாளியை மேலே இழுத்துக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். அவள் புருஷன் நிலம் கடைமடை. அங்கே பயிர் அப்போதே வெளிற ஆரம்பித்திருந்தது. அவளை எதைச் சொல்லித் திட்டுவது? நான் குடத்தை எடுத்துக்கொண்டு கோட்டைக்குள் சக்கரக்குளம் வரைக்கும் நடந்து தண்ணீர் கொண்டுவந்தேன். வழியெல்லாம் நைனாவைத் திட்டிக்கொண்டே நடந்தேன். செவ்வாய்க்கிழமை அம்மா பழக்கத்தில் டம்ளரில் பால் ஊற்றி வைத்துவிட்டாள். அதை எடுத்துப் போக அந்த மேலத்தெரு மாமா வரவில்லை, வரக் கூடாதே. நைனா அந்த டம்ளரை வெகுநேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அடுத்த ஞாயிறு உபதேசியார் என் ஓலையை வாசிக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. அவலூர்பேட்டையிலிருந்து மாப்பிள்ளையின் அக்கா புருஷன் வந்தார். வாசலிலேயே நின்றார், தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

"சாமியாரு வர்ற ஞாயித்துக்கெழம மூணாவது ஓலை வாசிச்சாகணும் மாமா. இல்லாட்டி பையனுக்கு வேற எடம் பாத்துடுவோம். தப்பா நெனச்சுக்காதீங்க."

அவர் தலை மறைந்ததும் நான் நைனா முன்னால் போய் நின்றேன்.

"ஒரு சுத்து நைனா. முழங்கால்ல ஒரே ஒரு சுத்து. நான்தான்னு சொல்லிட்டு வந்துடுங்க. அதோட முடிஞ்சிது."

"செய்யாதத செஞ்சேன்னு மாதா முன்னால சொல்லச் சொல்றியா?"

"எனக்காகச் சொல்லக் கூடாதா?"

"ஒருத்தன் பண்ண பாவம் ஊரயே புடிக்கும்னுதானே சாமியாரு படிச்சாரு? நான் வேற பொய்ச் சத்தியம் பண்ணி இன்னொரு பாவத்த ஊர் தலையில ஏத்தட்டுமா?"

"ஊரு உங்க தலையில ஏத்திட்டு நிக்குதே, அது?"

"ஏத்தட்டும். தாங்கிக்கறேன்."

"நீங்க தாங்கிப்பீங்க. நான் எப்படித் தாங்கறது?" என்று கத்தினேன். அந்த ஈர வேட்டி என் கண் முன்னாலேயே நின்றது. கேட்டுவிட வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது, கேட்கவில்லை. இவர்தான் திறந்தார் என்றால் எனக்கு அதைத் தெரிந்துகொள்ளப் பயமாக இருந்தது.

இதற்கிடையில் வயலில் கதிர் வந்தது. பிடுங்கிக் கசக்கினால் உள்ளே ஒன்றுமில்லை, பதர். குளத்துத்தெருவில் சில குடும்பங்கள் பாத்திரம் பண்டத்தை மூட்டை கட்டிக்கொண்டு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டன. இருந்தவர்கள் செஞ்சிக்குப் போய், சாமியார் பங்கு பிரித்துக் கொடுத்த அமெரிக்கக் கோதுமை ரவையையும் பால்பவுடரையும் வாங்கி வந்து காய்ச்சிக் குடித்தார்கள். வேதத்தில் உள்ள அந்தக் கதை பொய் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஒரு கை மதகைத் தொட்டது, ஊர் முழுக்கச் சோறு போயிற்று. என் கண்ணால் பார்த்தேன். அந்தக் கை யாருடையதோ, அது அழுகிப் போகட்டும் என்று நானும் மனசாரச் சபித்தேன்.

சாமியார் வருகிற ஞாயிறு வந்தது. கோயிலில் பெண்கள் பக்கம் தரையில் எனக்கும் அம்மாவுக்கும் சுற்றிலும் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். பூசை முடிந்து சாமியார் ஓலையை எடுத்தார். மூன்றாம் ஓலை என்று தொடங்கி என் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் வாசித்தார். தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்றார்.

"இருக்குது சாமி," என்று நாட்டாமை எழுந்தார். நடந்ததையெல்லாம் சொன்னார்.

சாமியாரின் முகம் சுண்டிவிட்டது. "சீட்டா? சீட்டுப் போட்டு ஆளைப் பிடிச்சீங்களா? யார் உங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது?"

"நீங்கதான் சாமி," என்றார் உபதேசியார் மெதுவாக. "போன மாசம் படிச்சீங்களே."

யாரோ களுக்கென்று சிரித்து அடக்கினார்கள். சாமியார் ஓலையைத் தட்டிக் காட்டி, "அப்பன் குத்தமே செஞ்சிருக்கட்டும், இந்தப் பெண்ணுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார்.

"அந்தக் கதையில மட்டும் புள்ளைங்களுக்கு இன்னா சம்பந்தம் சாமி?" என்றார் நாட்டாமை. குதர்க்கமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். சாமியார் ஓலையை மடிக்கப் போனார்.

அந்தக் காகிதம் மடிகிறதைப் பார்த்தேன். அது மடிந்தால் என் கலியாணமும் அதோடு போச்சு. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு எழுந்து நின்றேன்.

"சாமி, இன்னொரு வாட்டி சீட்டு போடச் சொல்லுங்க."

கோயிலே திரும்பிப் பார்த்தது. "பொட்டச்சி கோயில்ல எழுந்து பேசறதா, உக்காருடி!" என்று ஆண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. அம்மா என் புடவையைப் பிடித்து இழுத்தாள். ஆனால் என் வாய் நிற்கவில்லை.

"சீட்டுல பேசனது மாதாதானே? மாதா இன்னிக்கி ஒன்னு நாளைக்கி ஒன்னு சொல்ல மாட்டாங்க இல்ல? அதே தட்டு, அதே கொழந்த. எங்க நைனா பேரே மறுபடி வந்தா நானே முள்முடிய வெச்சிக்கினு சுத்தறேன். கலியாணமும் வேணாம்."

இதற்கு யாரால் மாட்டேன் என்று சொல்ல முடியும்? சாமியார் கண்ணை மூடிக்கொண்டு, "போடுங்க," என்றார்.

மேலத்தெரு மாமா குழந்தையைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். அவருக்கு வேர்த்து ஊற்றியது. தெருச் சீட்டைக் குலுக்கிப் போட்டார்கள். குழந்தை கையை விட்டு அளைந்து ஒன்றை எடுத்து நீட்டியது.

மேலத்தெரு.

கோயிலுக்குள் சந்தை கூடின மாதிரி ஆயிற்று. "பாத்தியா! பாத்தியா!" என்று எங்கள் கீழத்தெருப் பெண்கள் எழுந்துவிட்டார்கள். இத்தனை நாள் எங்களைத் திரும்பிப் பார்க்காதவர்கள்தான். "இப்ப வந்ததுதான் நெசம்! மேல எடுங்க! மேலத்தெருவுல எவன்னு பாத்துடலாம்!" என்று எங்கள் தெரு ஆண்கள் கத்தினார்கள். மேலத்தெருக்காரர்கள் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். நானும்தான் கத்தினேன். "எடுங்க, எடுங்க," என்று என் குரல்தான் பெரிதாகக் கேட்டது. நான் தின்ற அவமானத்தை இன்னொருத்தன் தின்ன வேண்டும் என்று அப்படி ஒரு வெறி.

அப்போதுதான் நைனா எழுந்து முன்னால் போனார். தட்டில் இருந்த சீட்டுகளை அப்படியே அள்ளித் துண்டில் முடிந்துகொண்டார். இன்னொரு கையால் குழந்தையைத் தூக்கினார்.

"போதும்," என்றார். "கட்டுல இருந்தவன் நானு. எனக்கே போதும்னா உங்களுக்கு இன்னா? நம்ம கோவத்த மாதா வாயில வெச்சிக் கேட்டது போதும்."

குழந்தையைக் கொண்டுபோய் அதன் அப்பாவிடம் கொடுத்தார். அவர் அதை வாங்கி முகத்தைக் குழந்தையின் வயிற்றில் புதைத்துக்கொண்டார். பெண்டாட்டி இல்லாத மனுஷன், தெருவுக்கே பழி வந்ததில் கலங்கிப் போய்விட்டார் என்று நினைத்தேன். நாட்டாமை உட்கார்ந்துவிட்டார். சாமியார், "தடை ஏதும் இல்லை," என்று சத்தமாகச் சொல்லி ஓலையில் கையெழுத்துப் போட்டார். மணிக் கயிற்றை அவரே போய் இழுத்தார். ஊர்க்கட்டு அதோடு அவிழ்ந்தது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் புலம்பினேன். "இன்னும் ரெண்டு சீட்டு எடுத்திருந்தா ஆளு தெரிஞ்சிருக்கும். கெடுத்துட்டீங்க." நைனா வேப்பங்குச்சி மென்றுகொண்டு நடந்தார்.

தவசுகாலம் தொடங்குவதற்குச் சற்று முன் கலியாணம் நடந்தது. பதர் விளைந்த ஊரில் என்ன விருந்து? ரவைக் கஞ்சியும் வெல்லமும்தான். எல்லாரும் வந்து குடித்தார்கள். மறுநாள் நைனா எங்களைச் செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிவந்தார். மாசி அமாவாசையை ஒட்டின நாள். மேல்மலையனூர் மயானக் கொள்ளைத் திருவிழாவுக்குப் போகிற கூட்டமும் திரும்புகிற கூட்டமும், ஒரு பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. என் வீட்டுக்காரர் பட்டாளத்துக்காரராச்சே, நான் பிடித்து வருகிறேன் பாருங்கள் என்று கூட்டத்துக்குள் நுழைந்துவிட்டார். நைனாவும் நானும் என் தகரப்பெட்டி மேல் உட்கார்ந்தோம்.

"ரொம்ப நாளா ஒன்னு கேக்கணும்னு இருக்கியே, கேளு," என்றார்.

"அன்னிக்கி உங்க வேட்டி ஏன் ஈரமா இருந்துச்சு?"

அவர் பஸ்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அன்றைக்கு நடுச்சாமத்தில் தூக்கம் வராமல் ஏரிக்கரைக்குப் போயிருக்கிறார். கரையில் துணி சுற்றி ஒரு குழந்தை படுத்திருந்தது. மதகில் கழுத்து வரை தண்ணீரில் மேலத்தெரு மாமா நின்று அழுதுகொண்டிருந்தார். தன் ஒரு காணி காய்கிறது, ஒரு சாண் திறந்து உடனே மூடிவிடலாம் என்று கட்டையைத் தூக்கியிருக்கிறார். தண்ணீர் வேகத்தில் கட்டை கையை விட்டுப் போய்விட்டது. நைனாவும் இறங்கி, இரண்டு பேரும் முங்கி முங்கித் தேடி எடுத்து அதை அடித்து இறுக்குவதற்குள் ஏரி போய்விட்டது.

"மூடனது நீங்களா? ஏன் நைனா சொல்லல? உங்க பேரு வந்தப்பவாவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

"அவன் ராத்திரியில ரெண்டு வாட்டி வந்தான், சொல்லிடறேன்னு. நான்தான் வேணாம்னுட்டேன். சொன்னா இன்னா ஆவும்? ஊர்க்கட்டு. ஒரு சுத்து சுத்திட்டா அவுந்துடும்னு நெனைக்கிறியா? வயிறு காஞ்சவங்க வுடுவாங்களா? அந்தக் கொழந்தைக்கு எந்த ஊட்டுலேர்ந்து பாலு வரும்?" துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்தக் கதையில புள்ளைங்களயும் சேத்துதானே அடிச்சாங்க."

பாவம்தான். ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. இப்போது சொன்னாலும் வருகிறது. பெற்ற மகள் நான். குடத்தைத் தூக்கிக்கொண்டு சக்கரக்குளம் வரை நடந்தவள் நான்.

"அப்ப நானு? எனக்குக் கலியாணம் நின்னு போயிருந்தா? அந்தக் கொழந்தய நெனச்சீங்க, என்னை நெனச்சீங்களா?"

நைனா என்னைத் திரும்பிப் பார்த்தார். சீட்டெடுத்த அன்றைக்கு அந்தக் குழந்தையைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு.

"நெனைக்காம? நீ எழுந்து நின்னு கேப்பேன்னு எனக்குத் தெரியும்மா. அந்தக் கொழந்தைக்கு இன்னும் பேச்சே வரலியே," என்றார்.

கூட்டத்துக்குள்ளிருந்து என் வீட்டுக்காரர் கையை ஆட்டிக் கூப்பிட்டார், இடம் கிடைத்துவிட்டது. நைனா பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். ஊரில் என்னை வாயாடி என்பார்கள். பஸ் கிளம்பி அவர் கண்ணிலிருந்து மறையும் வரைக்கும் எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை.